பாப்-அப் விளம்பரம் எந்த வழியாக வருகிறது? கண்டுபிடித்து நிறுத்தும் முறை

பிரவுசரில் விளம்பரம் மேல் விளம்பரமாக வந்து விழ ஆரம்பித்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: ஒரு ஆன்டிவைரஸை இறக்கி ஸ்கேன் ஓட விடுவார்கள். ஸ்கேன் முடிந்து "எதுவும் இல்லை" என்று வரும். விளம்பரம் மட்டும் நிற்காது. ஏனென்றால் பல நேரங்களில் கணினியில் வைரஸே இருக்காது. ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ தெரியாமல் கொடுத்த அனுமதியோ, பிரவுசரில் நீங்களே சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலோதான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். உங்கள் சம்மதத்தோடு நடப்பதால் ஆன்டிவைரஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால், விளம்பரம் எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

முதலில் அடையாளம் காணுங்கள்

பிரவுசரைச் சுருக்கி வைத்திருக்கும்போதும் விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக வந்தால் அது நோட்டிஃபிகேஷன். மேக்கில் இது வலது மேல் மூலையில் வரும். ஃபோனில் மேலிருந்து இழுக்கும் அறிவிப்புப் பட்டியலில் வரும்.

பிரவுசருக்குள்ளேயே, எந்தத் தளத்தைத் திறந்தாலும் விளம்பரம் தெரிகிறதா? விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். நன்கொடை கேட்கும் தன் சொந்த அறிவிப்பைத் தவிர விக்கிப்பீடியா விளம்பரமே போடுவதில்லை. அங்கேயும் ஷாப்பிங் விளம்பரம் தெரிந்தால், சொற்கள் திடீரென்று லிங்க்காக மாறியிருந்தால், கோளாறு உங்கள் பக்கம்தான்: எக்ஸ்டென்ஷன் அல்லது கணினியில் இறங்கிய ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டவே எழுதப்பட்ட நிரல். ஒரே ஒரு தளத்தில் மட்டும் தொல்லை என்றால் அது அந்தத் தளத்தின் புத்தி. உங்கள் கணினியில் துடைக்க எதுவும் இல்லை.

கணினியை ஆன் செய்ததும், அல்லது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, பிரவுசர் தானாகத் திறந்து ஒரு விளம்பரப் பக்கத்துக்குப் போனால் விண்டோஸுக்குள் ஏதோ ஒன்று அதைத் திறக்கிறது. ஒரே வைஃபையில் உள்ள எல்லாச் சாதனங்களிலும் தொல்லை என்றால் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள்.

இன்னும் தெளிவில்லை என்றால் இரண்டு சோதனைகள். இன்காக்னிட்டோ விண்டோவில் அதே தளத்தைத் திறங்கள். நீங்கள் தனியாக அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே விளம்பரம் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அடுத்து, வேறொரு பிரவுசரில் திறங்கள். அங்கேயும் அதே விளம்பரம் என்றால் பிரச்சினை பிரவுசருக்கு வெளியே இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன்: தொல்லைகளில் முதல் சந்தேகம் இதன் மேல்தான்

"நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பட்டனை அழுத்துங்கள்", "வீடியோ பார்க்க அலவ் கொடுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். அழுத்தியதும் அந்தத் தளத்துக்கு உங்கள் திரையில் எப்போது வேண்டுமானாலும் செய்தி காட்டும் உரிமை கிடைத்துவிடும். உண்மையான கேப்ட்சா எதுவும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்காது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

வந்து விழும் பெட்டியைப் பதறாமல் உற்றுப் பாருங்கள். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று கொட்டை எழுத்தில், சிவப்பு முக்கோணத்தோடு, பிரபலமான ஏதாவது ஆன்டிவைரஸின் லோகோவும் போட்டிருக்கும். மேலே பார்த்தால் பிரவுசரின் பெயர், அதாவது கூகுள் குரோம் அல்லது எட்ஜ் என்று இருக்கும். செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில், வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நடுவில் மட்டும் தொடாதீர்கள். எங்கே தொட்டாலும் அது லிங்க்.

குரோமில் மூன்று புள்ளி மெனுவில் "செட்டிங்ஸ்", அதில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", பிறகு "சைட் செட்டிங்ஸ்", அதற்குள் "நோட்டிஃபிகேஷன்ஸ்". அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். குறித்து வைத்த பெயரின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி "பிளாக்" கொடுங்கள். "ரிமூவ்" கொடுத்தால் அனுமதி போய்விடும், ஆனால் அதே தளம் அடுத்த முறை மறுபடி கேட்கலாம். பிளாக் செய்தால் கேட்கவே முடியாது. பட்டியலில் நீங்கள் அடையாளம் காணாத மற்ற பெயர்களையும் அப்படியே செய்யுங்கள். இந்தத் தளங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை அனுப்புவதால் ஐந்தாறு பெயர்கள் ஒன்றாக இருப்பது சகஜம்.

அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வு உண்டு. அதை இயக்குவதுதான் நல்லது. செய்தித் தளமோ ஷாப்பிங் தளமோ உங்கள் டெஸ்க்டாப்பில் செய்தி தள்ளவில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மின்னஞ்சல், அரட்டை போல உண்மையில் தேவைப்படும் ஒன்றிரண்டை மட்டும் தனியாக அனுமதிக்கலாம்.

எட்ஜில் இந்த இடத்தின் பெயர் வெர்ஷனுக்கு வெர்ஷன் நகர்ந்துகொண்டே இருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று அடிப்பது சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் "பெர்மிஷன்ஸ்" என்ற தலைப்பின் கீழ், நோட்டிஃபிகேஷனுக்கு எதிரே உள்ள "செட்டிங்ஸ்" பட்டன். புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. சஃபாரியில் "செட்டிங்ஸ்", "வெப்சைட்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்". ஆண்ட்ராய்டு குரோமில் இன்னும் எளிது: 2024 முதல் அந்த அறிவிப்பின் கீழேயே "அன்சப்ஸ்கிரைப்" பட்டன் வருகிறது, ஒரே தொடுதலில் அனுமதி போய்விடும்.

திரை முழுவதும் பிடித்துக்கொண்டு அலறினால்

"கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று முழுத்திரையில் சைரன் சத்தத்தோடு வரும் பக்கம் வெறும் இணையப் பக்கம்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது.

எஸ்கேப் விசையை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். தட்டினால் போதாது, பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகு டேபை மூடலாம். மூட விடாவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்". மேக்கில் கமாண்ட் + ஆப்ஷன் + எஸ்கேப். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; சம்மதித்தால் அதே பக்கம் திரும்ப வந்து உட்காரும்.

இப்போது பரவலாக நடக்கும் இன்னொரு மோசடி இதைவிட ஆபத்தானது. போலி கேப்ட்சா பக்கம் ஒன்று, "விண்டோஸ் + ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் + வி அழுத்துங்கள், என்டர் கொடுங்கள்" என்று படிப்படியாகச் சொல்லும். அதற்குள் அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில், விண்டோஸுக்கு உத்தரவிடும் பவர்ஷெல் என்ற கருவிக்கான ஒரு கட்டளையை வைத்திருக்கும். மூன்றையும் செய்தால் கடவுச்சொல் திருடும் நிரலை உங்கள் கையாலேயே இயக்கியதாகிவிடும். எந்த இணையப் பக்கம் இப்படிச் சொன்னாலும் அந்த நொடியே மூடுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் நெட் இணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் பகுதியில் கீழே சொல்லும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன்கள்

மூன்று புள்ளி மெனுவில் "எக்ஸ்டென்ஷன்ஸ்", "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்". எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். விக்கிப்பீடியாவைத் திறந்து விளம்பரம் நின்றதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஒவ்வொன்றாக ஆன் செய்து, நடுவில் சில பக்கங்களைத் திறந்து பாருங்கள். உடனே ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒரு எக்ஸ்டென்ஷனை நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சந்தேகம் வராமலிருக்க, நிறுவிச் சில நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு விளம்பரத்தைத் தொடங்குபவையும் உண்டு.

பெயரைவிட அனுமதியைப் பாருங்கள். ஒவ்வொன்றின் "டீடெய்ல்ஸ்" பக்கத்திலும் அதற்கு என்ன உரிமை இருக்கிறது என்று எழுதியிருக்கும். எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் உரிமை என்றால், வங்கிப் பக்கம் உட்பட நீங்கள் பார்க்கும் எல்லாவற்றையும் அது பார்க்கலாம். விளம்பரத் தடுப்பானுக்கு அது தேவை. பிடிஎஃப் மாற்றிக்கும் வால்பேப்பர் மாற்றிக்கும் எதற்கு?

பல வருடமாக நன்றாக இருந்த எக்ஸ்டென்ஷன் என்பதும் உத்தரவாதம் இல்லை. பயன்படுத்தாத டேப்களை உறங்க வைக்கும் "தி கிரேட் சஸ்பெண்டர்" லட்சக்கணக்கானோர் நம்பிய ஒன்று. 2020-இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. பயனர்கள் எதையும் புதிதாக நிறுவவில்லை. வழக்கமான அப்டேட் வழியாகவே எல்லாம் உள்ளே வந்தது. ஆகவே "நான் புதிதாக எதுவும் சேர்க்கவில்லையே" என்ற எண்ணத்தில் பழையவற்றைத் தள்ளிவைக்காதீர்கள். ஆறு மாதமாகத் தொடாத எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் எடுத்துவிடுங்கள்.

நீக்கியது மறுநாள் திரும்பி வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சிங்க்: அதே கணக்கில் நுழைந்துள்ள இன்னொரு கணினியிலிருந்து வருகிறது. எல்லாக் கணினிகளிலும் சிங்கை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் சுத்தம் செய்தபின் மறுபடி இயக்குங்கள். இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது.

"ரிமூவ்" பட்டனே இல்லையென்றால்

மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று தெரிகிறதா? அலுவலகக் கணினி என்றால் அது இயல்பு. அங்கே எதையும் தொடாமல் நிர்வாகியிடம் சொல்லுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி ஒரு விதியை வைப்பதுண்டு. ஆனால் சொந்தக் கணினியில், காரணமே இல்லாமல் இது தெரிந்தால், நிறுவனங்களுக்கான பாலிசி வசதியை ஆட்வேர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறது.

முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று இடைவெளி விடாமல் அடித்தால் நடப்பிலுள்ள விதிகள் தெரியும். அதில் "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" என்ற வரியில் 32 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறி இருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் ஒவ்வொன்றின் குறியும் தெரியும். ஒப்பிட்டால் குற்றவாளி கையில்.

விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவியான ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, "ஹெச்கீ லோக்கல் மெஷின்", "சாஃப்ட்வேர்", "பாலிசீஸ்", "கூகுள்", "குரோம்" என்று உள்ளே போங்கள். குரோம் கோப்புறையை ரைட் கிளிக் செய்து முதலில் "எக்ஸ்போர்ட்" கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நீக்குங்கள். "ஹெச்கீ கரன்ட் யூசர்" கிளையிலும் இதே வழியைப் பாருங்கள். பாலிசி பக்கத்துக்குத் திரும்பி "ரீலோட் பாலிசீஸ்" அழுத்துங்கள். இப்போது எக்ஸ்டென்ஷனை நீக்க முடியும். கணினியை மறுபடி ஆன் செய்ததும் விதி திரும்ப முளைத்தால், அதை எழுதும் நிரல் இன்னும் விண்டோஸுக்குள் ஓடுகிறது; முதலில் அதை எடுக்க வேண்டும்.

மேக்கில் இதே வேலையைப் புரொஃபைல் என்ற கோப்பு செய்யும். சிஸ்டம் செட்டிங்ஸின் தேடலில் புரொஃபைல் என்றோ டிவைஸ் மேனேஜ்மென்ட் என்றோ அடித்து, நீங்கள் வைக்காதது இருந்தால் அழியுங்கள்.

விண்டோஸுக்குள் தேடுவது

"செட்டிங்ஸ்", "ஆப்ஸ்", "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். விளம்பரம் தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். இலவச மென்பொருள் ஒன்றோடு இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்; ஒரே தேதி காட்டிக் கொடுத்துவிடும். அன்இன்ஸ்டால் செய்யும்போது வரும் கேள்விகளை வார்த்தை விடாமல் படியுங்கள். பெரிய பச்சைப் பட்டன் "வைத்துக்கொள்" என்றும், மூலையில் மங்கலாக இருப்பது "நீக்கு" என்றும் இருக்கும்.

பிறகு, நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலர். "டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி"யில் ஒவ்வொரு வரியையும் தேர்ந்து "ஆக்‌ஷன்ஸ்" டேபைப் பாருங்கள். பிரவுசரின் பெயரும் அதையடுத்து ஒரு இணைய முகவரியும் இருந்தால், தானாகத் திறக்கும் பக்கத்தின் மூலம் அதுதான். பவர்ஷெல்லை அழைத்து, ஆப்டேட்டா கோப்புறையிலுள்ள ஏதோ ஒரு கோப்பை ஓட்டும் வரிகளும் சந்தேகத்துக்குரியவை. உறுதியாகத் தெரியாவிட்டால் நீக்காமல் "டிஸேபிள்" செய்து இரண்டு நாள் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரின் "ஸ்டார்ட்அப் ஆப்ஸ்" பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலரும் தவறவிடும் இடம் ஷார்ட்கட். பிரவுசர் ஐகானை ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" திறந்தால் "டார்கெட்" என்ற கட்டம் தெரியும். சாதாரணமாக அது பிரவுசரின் நிரல் கோப்போடு, மேற்கோள் குறியில் முடியும். அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு இணைய முகவரி ஒட்டியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் அங்கேதான் போவீர்கள். ஒட்டியதை மட்டும் அழித்து "அப்ளை" கொடுங்கள். டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு மூன்றிலும் இருப்பவை தனித்தனி ஷார்ட்கட்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றவை மாறாது.

"நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" பகுதியில் "ப்ராக்ஸி" திறந்து, நீங்கள் வைக்காத ப்ராக்ஸியோ (உங்கள் இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) செட்டப் ஸ்கிரிப்டோ ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

கையால் தேடியபின் ஸ்கேனர். மால்வேர்பைட்ஸ் தரும் அட்வ்கிளீனர் இலவசம், நிறுவத் தேவையில்லை, ஆட்வேருக்கென்றே உள்ளது. தேடல் முடிவின் உச்சியில் வருவது விளம்பரமாக இருக்கலாம் என்பதால் தயாரிப்பாளரின் தளத்துக்கே போய் இறக்குங்கள். ஸ்கேன் முடிந்ததும் பட்டியலைப் படித்துவிட்டு "குவாரன்டைன்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்". கணினி ரீஸ்டார்ட் ஆகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். திறந்த கோப்புகளை முன்பே சேமித்துவிடுங்கள். "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" பகுதியில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதையும் ஆன் செய்தால் அடுத்த முறை வாசலிலேயே நிற்கும்.

பழைய வழிகாட்டிகள் குரோமுக்குள்ளேயே "கிளீன் அப் கம்ப்யூட்டர்" இருப்பதாகச் சொல்லும். கூகுள் 2023 மார்ச்சில் அதை எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். குரோமில் "ரீசெட் செட்டிங்ஸ்" கொடுத்தால் எக்ஸ்டென்ஷன்கள் முடக்கப்படும், குக்கீகள் (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பது போன்றவற்றைத் தளங்கள் பிரவுசரில் சேமிக்கும் குறிப்புகள்) போகும், முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்கு வரும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் "ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்". இந்த வேலையை ஆட்வேரை எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் அது மறுபடி எல்லாவற்றையும் மாற்றிவிடும். பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவுவதால் பெரும்பாலும் பலன் இல்லை. உங்கள் தகவல் உள்ள புரொஃபைல் கோப்புறையும் ரிஜிஸ்ட்ரி விதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆண்ட்ராய்டு ஃபோன்

ஹோம் ஸ்கிரீனில், எதையும் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வந்தால் பிரவுசரைக் குறை சொல்ல முடியாது. ஏதோ ஒரு ஆப் செய்கிறது. விளம்பரம் தெரியும் அந்த நேரத்திலேயே, அதை மூடாமல், சமீபத்திய ஆப்களைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். விளம்பரம் ஒரு அட்டையாகத் தெரியும். அதன் தலையிலுள்ள ஐகானைத் தொட்டு "ஆப் இன்ஃபோ" போனால் எந்த ஆப் என்று தெரிந்துவிடும். ஐகான் வெறுமையாக, பெயரே இல்லாமல் இருந்தாலும் தொடுங்கள். இப்படி ஒளிந்துகொள்ளும் ஆப்கள் உண்டு.

அந்த நேரத்தில் பிடிக்க முடியவில்லை என்றால் செட்டிங்ஸில் "ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்", அதில் "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்". சாம்சங்கில் இது "அப்பியர் ஆன் டாப்". டார்ச், க்யூஆர் ஸ்கேனர், கிளீனர், கீபோர்டு தீம் போன்றவற்றுக்கு இந்த உரிமை தேவையே இல்லை.

"அன்இன்ஸ்டால்" பட்டன் மங்கலாக இருந்தால் அந்த ஆப் டிவைஸ் அட்மின் உரிமை வாங்கியிருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் டிவைஸ் அட்மின் என்று அடித்து முதலில் அந்த உரிமையை எடுங்கள். அக்சஸிபிலிட்டி பட்டியலையும் பாருங்கள். அந்த உரிமை இருந்தால் நீங்கள் நீக்கப் போகும்போது அந்த ஆப்பால் திரையையே மூடிவிட முடியும். விளம்பரம் ஒரு நொடியும் விடவில்லையா? பவர் மெனுவில் "பவர் ஆஃப்" மேல் விரலை வைத்துப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் ஓடாது, நிம்மதியாக நீக்கலாம். வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்தால் சேஃப் மோடிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பிறகு பிளே ஸ்டோரில் பிளே ப்ரொடெக்ட் ஸ்கேன் ஒன்றும் ஓட்டுங்கள்.

ஐஃபோனில் "உங்கள் ஃபோன் ஹேக் ஆகிவிட்டது" என்று காலண்டர் நினைவூட்டலாக வருவது, ஒரு தளத்தில் தவறுதலாகச் சேர்ந்த காலண்டர் சந்தா. காலண்டர் ஆப்பில் அடியிலுள்ள "காலண்டர்ஸ்" தொட்டு, அறிமுகமில்லாத பெயரின் பக்கத்திலுள்ள தகவல் குறியில் போய் நீக்குங்கள். ஒவ்வொரு நினைவூட்டலாக அழித்துக்கொண்டிருந்தால் தீராது.

எல்லாச் சாதனங்களிலும் என்றால்

ஃபோனில் வைஃபையை ஆஃப் செய்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். தொல்லை நின்றால் ரவுட்டரின் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவை, மாற்றப்பட்டிருக்கலாம். ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் நிர்வாகப் பக்க முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றி, நிர்வாகக் கடவுச்சொல்லைப் புதிதாக வைத்து, ரிமோட் மேனேஜ்மென்டை ஆஃப் செய்து, ரவுட்டரின் உள் நிரலான ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றாமல் டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றினால் வந்தவன் மறுபடி வருவான்.

மறுபடி வராமலிருக்க

விளம்பரத் தடுப்பான் பாதுகாப்புக்கே தேவை. தேடலில் வரும் போலி விளம்பரங்களிலிருந்து தப்பிக்க அதைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே சொன்னது. ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் சரியான தேர்வு. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் அங்கே அது இப்போது ஓடாது. அதே ஆசிரியரின் யுபிளாக் ஆரிஜின் லைட் ஓடும். "ஆரிஜின்" என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். அந்தச் சொல் இல்லாத யுபிளாக் வேறு ஆளுடையது. ஆண்ட்ராய்டு 9 முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" வசதி இருப்பதால், விளம்பரத் தடுப்புச் சேவையான அட்கார்டு தன் தளத்தில் தரும் டிஎன்எஸ் முகவரியை அங்கே இட்டால் ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களும் கணிசமாகக் குறையும். யூட்யூப் விளம்பரம் நிற்காது. வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் டிஎன்எஸ்ஸால் பிரிக்க முடிவதில்லை.

எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி என்று தெரிந்திருந்தால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அது இருந்த நாட்களில் நீங்கள் நுழைந்த கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. மாற்றியதும் ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். குக்கீ திருடப்பட்டிருந்தால், கடவுச்சொல்லே கேட்காமல் அதை வைத்து உள்ளே நுழைய முடியும். வெளியேற்றினால்தான் அந்தக் குக்கீ செல்லாமல் போகும்.